லேண்ட் ரோவரும் சேறும்

லேண்ட் ரோவர், இங்கிலாந்தின் ரோவர் நிறுவனம் 1948-ல் வெளியிட்ட நான்கு சக்கர இயக்க வண்டி. வயல், சதுப்பு, ஆற்றுத்துறை எனச் சாலையில்லாத இடங்களில் ஓடுவதற்காகவே உருவாக்கப்பட்டது. துருப்பிடிக்காத அலுமினிய உடல் கொண்டது என்று பெயர்பெற்றது. ஆனாலும் அவ்வண்டிகளில் பல துருப்பிடித்தே அழிந்தன. இந்த முரண்பாட்டின் காரணத்தை அறிந்தால், சேற்றில் ஓடும் வண்டியை எங்கே கழுவவேண்டும் என்பதும் விளங்கும்.

ஜீப் தந்த பாடம்

லேண்ட் ரோவருக்கு முன்னோடி அமெரிக்க ராணுவத்தின் ஜீப். இரண்டாம் உலகப்போரில் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் அதை ஆறு லட்சத்துக்கும் மேல் தயாரித்தன. தரையிறங்கு கப்பலிலிருந்து கடல்நீரில் இறங்கிக் கரையேற வேண்டியிருந்தபோதுதான் நீர்க்காப்பு என்பது தனி வேலையாக வளர்ந்தது. நீருக்குள் ஒரு வண்டி நின்றுவிட்டால் அதிலிருப்பவர்கள் மட்டுமல்ல, பின்னால் வருபவர்களும் சிக்கிக்கொள்வார்கள்.

1944 ஜூன் 6 நார்மண்டி தரையிறக்கத்துக்கு முன் வண்டிகளின் டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்பார்க் பிளக், மின்கம்பி இணைப்புகள் ஆகியவை கல்நார் இழை கலந்த பிசின் போன்ற கிரீஸால் பூசி மூடப்பட்டன. எஞ்சின் காற்றை இழுக்கும் வழியும் புகை வெளியேறும் குழாயும் நீர்மட்டத்துக்கு மேலே நீட்டப்பட்டன. கரையேறிய பின் அடைத்ததையெல்லாம் உரிய வரிசையில் திறக்கவேண்டும். உப்புநீர் பட்ட இடங்களைக் கழுவி மீண்டும் கிரீஸ் இடவேண்டும். நீரை உள்ளே விடாமல் தடுத்த அதே அடைப்பு, உள்ளே புகுந்த நீரை வெளியேற விடாமலும் தடுக்கும் என்பது அப்போதே தெரிந்திருந்தது.

ஜீப்பிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. தரைத்தகட்டின் அடியில் வலுவுக்காகப் பற்றவைத்த தொப்பி வடிவ இரும்புச் சட்டங்களுக்குள் மரக்கட்டை வைக்கப்பட்டிருந்தது. மரம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ள, இரும்பு உள்ளிருந்தே அரித்தது. இன்று பழைய ஜீப்புகளைப் புதுப்பிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் மாற்றுவது இந்தச் சட்டங்களைத்தான்.

அலுமினியமும் இரும்பும்

ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கிள்சி தீவிலிருந்த தன் பண்ணையில் பழைய போர்க்கால ஜீப் ஒன்றைப் பயன்படுத்திவந்தார். அதற்கு மாற்றாக ஒன்றைச் செய்யும் எண்ணத்திலிருந்து பிறந்ததே லேண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது முதன்முதலில் காட்டப்பட்டது. போருக்குப் பின் பிரிட்டனில் இரும்புத்தகட்டுக்குக் கட்டுப்பாடு இருந்தது. அலுமினியம் தாராளமாகக் கிடைத்தது. ஆகவே உடல் பர்மாபிரைட் என்னும் அலுமினியக் கலவையால் ஆனது. துருவுக்கு அஞ்சி எடுத்த முடிவல்ல, தட்டுப்பாட்டால் வந்தது.

வண்டியைத் தாங்கும் சேசிஸ் இரும்பால் ஆனது. விலையுயர்ந்த அச்சுகள் தேவைப்படாதபடி, தட்டையான தகட்டுப் பட்டைகளைப் பெட்டி வடிவில் பற்றவைத்து அதை உருவாக்கினார்கள். சிக்கனமான, உறுதியான முறை. ஆனால் பெட்டி உள்ளே வெற்றிடம். துளைகள் வழியே புகும் சேற்றுநீர் வடிந்த பிறகும் மண் தங்கிவிடும், அந்த மண் வாரக்கணக்கில் ஈரம் காக்கும். வெளியே கறுப்புப் பூச்சு நன்றாக இருக்கும்போதே உள்ளே தகடு மெலிந்துபோகும். பின்பக்கக் குறுக்குச்சட்டமும், உடலைத் தாங்கும் பக்கக்கைகளும் முதலில் போகும். தொடக்கத்தில் சோதனைக்காகச் செய்த வண்டிகள் சிலவற்றின் சேசிஸுக்குத் துத்தநாகப் பூச்சு இருந்தது. விற்பனைக்கு வந்தவற்றில் அது கைவிடப்பட்டுச் சாதாரண வண்ணப்பூச்சு வந்தது. இன்று அவ்வண்டிகளை வைத்திருப்போர் பலர் பெரும் பணம் கொடுத்துத் துத்தநாகம் பூசிய சேசிஸை வாங்கி மாட்டுகிறார்கள்.

அலுமினியமும் முழுக்கத் தப்பவில்லை. அது இரும்பைத் தொடும் இடத்தில் ஈரம், அதிலும் உப்பு கலந்த ஈரம், நிற்குமானால் மின்வேதி அரிப்பு தொடங்கும். பனிக்காலத்தில் பிரிட்டிஷ் சாலைகளில் உப்பு தூவப்படுவதால் கதவுகளின் அடிவிளிம்பில் அலுமினியம் வெண்பொடியாக உதிர்வது அங்கே பழகிய காட்சி.

ஒரு சிறிய திருகடைப்பு

பழைய லேண்ட் ரோவரின் கையேட்டுக் குறிப்புகளில் மிகுந்த அறிவுள்ளதாகத் தோன்றுவது பிளைவீல் உறையின் அடியிலுள்ள துளையைப் பற்றியது. எஞ்சினிலிருந்து கசியும் எண்ணெய் கிளட்ச் தகட்டை நனைக்காமல் கீழே வடிவதற்காகவே அத்துளை வழக்கமாகத் திறந்திருக்கும். ஆழமான நீரைக் கடக்குமுன் ஒரு திருகடைப்பால் அதை மூடவேண்டும், கடந்ததும் கழற்றிவிடவேண்டும். மூட மறந்தால் நீரும் மணலும் கிளட்சுக்குள் போகும். கழற்ற மறந்தால் எண்ணெய் தேங்கி கிளட்ச் வழுக்கும்.

அச்சுகளில் நிகழ்வது வேறு. ஓடிச் சூடேறிய அச்சு குளிர்ந்த நீரில் திடீரென மூழ்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும். காற்றுத்துளை நீருக்கடியில் இருந்தாலோ ரப்பர் சீல் தேய்ந்திருந்தாலோ அந்த வழியே நீர் உள்ளே இழுக்கப்படும். பால் கலந்த தேநீர் போல எண்ணெய் நிறம் மாறியிருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். எண்ணெயை மாற்றியே ஆகவேண்டும். காற்றுத்துளையிலிருந்து ரப்பர் குழாயை உயரே கொண்டுபோவது பின்னர் வழக்கமானது. நீரில் இறங்குமுன் சற்று நேரம் வண்டியை நிறுத்தி ஆறவிடுவதும் பயன் தரும்.

கழுவும்போதும் இதே கவனம் தேவை. நம்மூரில் வாட்டர் சர்வீஸ் எனப்படும் வேகநீர்க் கழுவலில், சீல்களுக்கும் மின் இணைப்புகளுக்கும் நேராக நீரைப் பீய்ச்சினால் ஆறு செய்யாத கேட்டை அது செய்துவிடும். சக்கர வளைவின் உள்விளிம்பு, சேசிஸின் துளைகள், பிரேக் டிரம் ஆகியவற்றில் குறைந்த வேகத்தில் நிறைய நீர் விட்டு, வெளிவரும் நீர் தெளியும்வரை அலசுவதே முறை. பின் பிரேக்கை மெல்ல அழுத்தியபடி கொஞ்சதூரம் ஓட்டி அதை உலர்த்தவேண்டும். மேலே மட்டும் பளபளக்கும் வண்டியை நம்பக்கூடாது.

2001: கோமாரி நோய்

2001 பிப்ரவரியில் பிரிட்டனில் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவியது. அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடு, மாடு, பன்றிகள் கொல்லப்பட்டன. நோய்க்கிருமி வண்டிகளில் ஒட்டிய சேற்றோடும் சாணத்தோடும் பண்ணைவிட்டுப் பண்ணை போகக்கூடியது என்பதால் பண்ணை வாசல்களில் கிருமிநாசினியில் ஊறிய வைக்கோல் விரிக்கப்பட்டது. உள்ளே வரும், வெளியே போகும் வண்டிகள் கழுவப்பட்டன. சேறு படிந்த பரப்பின்மேல் கிருமிநாசினி தெளித்தால் அது சேற்றோடு வினைபுரிந்தே வலுவிழந்துவிடும். ஆகவே முதலில் சேற்றை முழுதும் நீக்கிய பிறகே மருந்து தெளிக்கவேண்டியிருந்தது. அதற்குத் தேய்க்கவேண்டிய இடங்கள், துரு தொடங்கும் அதே சக்கர வளைவுகளும் சேசிஸ் மூலைகளும்தான்.