வாசல் மணியும் வெயில் மின்சாரமும்

இங்கே நாக்பூரில் நாலு தமிழ்க் குடும்பங்கள் ஒன்று கூடினால் முன்பெல்லாம் மூன்று விஷயம் கட்டாயம் பேச்சில் வரும். டிரான்ஸ்பர், ரயில் டிக்கெட், நல்ல இட்லி அரிசி எந்தக் கடையில் கிடைக்கும் என்பது. இப்போது நாலாவதாக ஒன்று சேர்ந்துவிட்டது. "ஊர்ல அப்பா அம்மா தனியா இருக்காங்க சார், வாசல்ல காமிரா வச்ச காலிங் பெல் மாட்டிடலாமா?"

நானும் மாட்டியவன்தான். மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் கேட்டுக்கும் முன்கதவுக்கும் நடுவே நாற்பது அடி இருக்கும். கேட் தூண் வரை மின்சார ஒயர் போகவில்லை. ஒயர் இழுக்க வேண்டுமென்றால் சிமெண்டுத் தரையை வெட்ட வேண்டும், அப்பா விடமாட்டார். அதனால் பேட்டரியில் ஓடும் வீடியோ மணி, அதற்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சோலார் தகடு. பேட்டரிக்கு அதுதான் சார்ஜர்.

வங்கியில் கடன் கொடுக்கும்போது ஆளின் பூர்வோத்திரம் விசாரித்துப் பழகிவிட்டதால், வீட்டுக்கு வரும் சாமானையும் விசாரிக்காமல் விட மனம் வருவதில்லை. (பி.காம். படித்தவனுக்கு இயற்பியல் எதற்கு என்று கேட்காதீர்கள்!) விசாரித்ததில் தெரிந்த கதை, வெளியூரில் இருக்கும் நமக்கு ரொம்பவே பொருந்துவதாக இருந்தது. அதான் இந்தப் பதிவு.

முதலில் மணி.

மின்சார மணிக்கு வயது கிட்டத்தட்ட இருநூறு. 1831-ல் அமெரிக்காவில் ஆல்பனி என்ற ஊரில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஜோசப் ஹென்றி, ஒரு மைலுக்கும் அதிக நீளமுள்ள கம்பியை வகுப்பறையைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, ஒரு முனையிலிருந்து மின்சாரம் அனுப்பி மறுமுனையில் மணியை அடிக்க வைத்தார். தந்திக்கும் நம் வீட்டு அழைப்பு மணிக்கும் மூலம் அதுதான். ஆனால் மணிக்கு ஒரு குறை. வந்திருப்பது யாரென்று அது சொல்லாது. பால்காரரும் ஒரே சத்தம், திருடனும் ஒரே சத்தம்.

அந்தக் குறையைத் தீர்க்க நூற்றி முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. தீர்த்தவர் ஒரு நர்ஸ்.

நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்தவர் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற கறுப்பினப் பெண். கணவர் ஆல்பர்ட் பிரவுன் எலெக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன். இரண்டு பேருக்கும் நேரங்கெட்ட நேரத்தில் வேலை. பல இரவுகளில் மேரி வீட்டில் தனியாக இருப்பார். அக்கம்பக்கத்தில் குற்றங்கள் அதிகம், போலீசைக் கூப்பிட்டால் வந்து சேர நேரமாகும். கதவைத் திறக்காமலே வெளியே நிற்பவரைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய தேவை. இருவரும் சேர்ந்து ஒரு அமைப்பை வடிவமைத்து 1966-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1969 டிசம்பர் 2-ம் தேதி கிடைத்தது. காப்புரிமை எண் 3,482,037.

அதில் என்னவெல்லாம் இருந்தது என்று பாருங்கள். கதவில் மேலும் கீழுமாக நாலு துளைகள். உயரமானவர் முதல் சின்னப் பிள்ளை வரை யார் வந்தாலும் முகம் தெரிய, துளைக்குத் துளை நகரும் காமிரா. படுக்கையறையில் டிவி பெட்டி. வெளியே நிற்பவரோடு பேச மைக்கும் ஸ்பீக்கரும். தெரிந்தவர் என்றால் உட்கார்ந்த இடத்திலிருந்தே பூட்டைத் திறக்க ஒரு பொத்தான், ஆபத்து என்றால் எச்சரிக்கை கொடுக்க ஒரு பொத்தான். இன்றைக்கு நாம் வாங்குகிற பெட்டியில் இருப்பதில் முக்கால்வாசி அதில் வந்துவிட்டது.

ஆனால் அந்தக் காலத்துக் காமிரா, டிவி விலைக்கு அது சாதாரண வீடுகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. பின்னால் வந்த பல பாதுகாப்புக் கருவிகளின் காப்புரிமைகள் பிரவுனின் காப்புரிமையை முன்னோடியாகக் காட்டின. 1999-ல் அவர் காலமானார். ஜேமி சிமினாஃப் என்பவர் 'டோர்பாட்' என்ற வைஃபை மணியோடு 2013-ல் அமெரிக்க டிவி நிகழ்ச்சி ஒன்றில் முதலீடு கேட்டு வெறுங்கையோடு திரும்பினார். அடுத்த வருடம் அதற்கு 'ரிங்' என்று பெயர் மாற்றினார். 2018-ல் அமேசான் அந்தக் கம்பெனியை வாங்கியது. நூறு கோடி டாலருக்கு மேல் விலை என்று செய்தி வந்தது. முதலீட்டாளர்களின் மதிப்பீடு பற்றி ஒரு வங்கிக்காரன் இதற்கு மேல் சொல்லக்கூடாது :-)

சரி, வெயிலுக்கு வருவோம்.

வெளிச்சம் பட்டால் மின்சாரம் பிறக்கும் என்பதை முதலில் கண்டவர் பிரெஞ்சுக்காரரான எட்மண்ட் பெக்கரல். வருடம் 1839, அவருக்கு வயது 19. அப்பாவின் ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனை அது. 1873-ல் கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிக்க செலினியம் துண்டுகளைப் பயன்படுத்திய வில்லபி ஸ்மித், வெளிச்சம் பட்டால் அவை மின்சாரத்தை அதிகமாகக் கடத்துவதைக் கவனித்தார். 1876-ல் ஆடம்ஸ், டே என்ற இரண்டு ஆங்கிலேயர்கள், வெளிச்சம் பட்ட செலினியமே மின்சாரம் தருகிறது என்று காட்டினார்கள். 1883-ல் நியூயார்க்கில் சார்லஸ் ஃபிரிட்ஸ், செலினியத்தின் மேல் மெல்லிய தங்கப் பூச்சு கொடுத்து ஒரு தகடு செய்தார். விழுந்த வெயிலில் சுமார் நூற்றில் ஒரு பங்குதான் மின்சாரமானது. தங்கம் போட்டு ஒரு சதவீத வரவு. எந்த மேனேஜரும் கடன் தரமாட்டார்.

உருப்படியான சோலார் செல் வந்தது 1954-ல். அது எதற்காக வந்தது என்பதுதான் எனக்குச் சுவையாக இருந்தது. ஊருக்கே மின்சாரம் தரும் பெரிய கனவோடு அந்த வேலை தொடங்கவில்லை. பெல் டெலிபோன் கம்பெனிக்கு ஒரு சின்னத் தலைவலி இருந்தது. மின்கம்பி போகாத தூரத்து ஊர்களில் டெலிபோன் கருவிகளுக்கு உலர் பேட்டரி வைப்பார்கள். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் அந்தப் பேட்டரிகள் சீக்கிரமே கெட்டுப்போயின. மாற்று வழி தேடும் வேலை பெல் ஆய்வகத்தின் டேரில் சேப்பினிடம் வந்தது. அவர் முதலில் செலினியத்தோடுதான் மல்லுக்கட்டினார். அதை விட்டுவிட்டு சிலிக்கானைப் பார் என்று சொன்னவர் அங்கேயே இருந்த ஜெரால்ட் பியர்சன். சிலிக்கானில் வேண்டிய கலப்பைச் சேர்க்கும் வித்தை தெரிந்தவர் கால்வின் ஃபுல்லர். மூவரும் செய்த சோலார் செல்லை 1954 ஏப்ரல் 25-ம் தேதி பத்திரிகையாளர்களுக்குக் காட்டினார்கள். வெயிலில் 6 சதவீதம் மின்சாரமானது. அதை வைத்து ஒரு பொம்மை ராட்டினத்தைச் சுற்றவிட்டார்கள்.

அடுத்த வருடம், 1955 அக்டோபரில், ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கஸ் என்ற சிற்றூரில் ஒரு டெலிபோன் கம்பத்தின் உச்சியில் சோலார் தகட்டை மாட்டினார்கள். பகலில் வெயில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும், ராத்திரி அந்தப் பேட்டரியில் லைன் ஓடும். எங்கள் வீட்டு கேட் தூணில் நடப்பதும் அதுவேதான்! ஆனால் அன்றைய விலை ஒரு வாட்டுக்கு சுமார் 300 டாலர். பூமியில் யாராலும் வாங்க முடியாததால் செல் ஆகாயத்துக்குப் போனது. 1958 மார்ச் 17-ல் ஏவிய வான்கார்டு-1 செயற்கைக்கோளில் இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் இருந்தன. பேட்டரியில் ஓடியது சில வாரங்களில் நின்றது. வெயிலில் ஓடியது 1964 வரை பேசிக்கொண்டிருந்தது.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு விலை படிப்படியாக இறங்கியது. கடல் நடுவே எண்ணெய்க் கிணறுகளின் எச்சரிக்கை விளக்கு, பிறகு கால்குலேட்டர் என்று இறங்கி வந்தது. நம் நாட்டில் சாஹிபாபாத்தில் உள்ள மத்திய அரசு நிறுவனமான சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ் 1977-ல் சோலார் செல்லும் 1978-ல் சோலார் தகடும் செய்தது. 2003-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் வட்டிச் சலுகையோடு கனரா வங்கியும் சிண்டிகேட் வங்கியும் கர்நாடகத்தில் வீட்டு சோலார் விளக்குக்குக் கடன் கொடுக்கத் தொடங்கின. (2020-ல் இரண்டும் ஒரே வங்கியாகிவிட்டன. நான் வேறு வங்கி.) அதற்கு முன் அந்தச் சாமானுக்குக் கடன் என்றால் பல கிளைகளில் ஃபைல் நகராது. ஆயிரக்கணக்கான வீடுகளில் விளக்கு எரிந்தபிறகுதான் அது நல்ல கடன் என்று எங்கள் ஆட்களுக்கு நம்பிக்கை வந்தது. இன்று தகட்டின் விலை வாட்டுக்கு அரை டாலருக்கும் கீழே.

இந்தக் கதையில் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. தூரத்து டெலிபோன் கம்பம், செயற்கைக்கோள், நடுக்கடல் விளக்கு, கிராமத்து வீடு. கம்பி எட்டாத இடத்தில் சின்ன மின்சாரம் தேவைப்பட்டபோதுதான் வெயிலைத் தேடிப் போயிருக்கிறார்கள்.

எவ்வளவு சின்னது? கணக்குப் போட்டேன். எங்கள் மணியின் லித்தியம் பேட்டரி சுமார் 20 வாட்-மணி. தகடு இல்லாமலே இரண்டு மாதம் வருகிறது. அதாவது ஒரு நாள் செலவு மூன்றில் ஒரு வாட்-மணி. பத்து வாட் எல்.ஈ.டி. பல்பை இரண்டு நிமிடம் எரித்த செலவு! காமிரா எந்நேரமும் விழித்திருப்பதில்லை. உடல் சூட்டை உணரும் சின்ன சென்சார் மட்டும் காவலிருந்து, ஆள் வந்தால் மற்றதை எழுப்புகிறது. தகடு 2 வாட். ஒரு மணி நேரம் நேர் வெயில் பட்டு, அதில் பாதி வீணானாலும் மூன்று நாள் செலவுக்கு வரவு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வரவு குறைந்தால் பேட்டரியின் கையிருப்பு தாங்கும். வரவு, செலவு, கையிருப்பு... நமக்குத் தெரிந்த கணக்குதான்.

மாட்டுபவர்களுக்கு இரண்டு விஷயம். தகடு தெற்குப் பார்த்து இருக்கட்டும். மன்னார்குடி போன்ற ஊர்களில் சுமார் 11 டிகிரி சாய்வு போதும், கிட்டத்தட்ட பாய் விரித்த மாதிரி. தூணில் செங்குத்தாக ஒட்டினால் உச்சி வெயில் வீண். இரண்டாவது, வெயில் தகட்டுக்கு மட்டும்தான், மணிக்கு நிழல் வேண்டும். லித்தியம் பேட்டரிகள் பெரும்பாலும் 45 டிகிரிக்கு மேல் சூடானால் சார்ஜ் ஏறக்கூடாதவை. நாக்பூர் மே மாதத்தில் இருப்பவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இனி, இந்தப் பதிவை எழுத வைத்த விஷயம்.

மணி மாட்டிய அன்று அம்மா கேட்டார்: "ஏன்டா, நாங்க வாசல்ல உட்கார்ந்து பேசறதெல்லாம் அங்க உனக்குக் கேக்குமா?"

கேட்கும். அதுதான் உண்மை. 2023-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் ரிங் கம்பெனி மீது வைத்த குற்றச்சாட்டில், வாடிக்கையாளர் வீட்டு வீடியோக்களை ஊழியர்கள் பார்க்க முடிந்தது என்பதும் ஒன்று. 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு கம்பெனி அந்த வழக்கை முடித்துக்கொண்டது. கம்பெனிக்காரன் பார்ப்பது ஒரு கவலை. பெற்ற பிள்ளை பார்ப்பது இன்னொரு கவலை, அதைப் பற்றி எந்த ஆணையமும் கேட்காது.

மேரி பிரவுனின் படத்தை மறுபடி யோசித்துப் பாருங்கள். டிவி பெட்டி அவருடைய படுக்கையறையில் இருந்தது. பேசுவதும் திறப்பதும் அவர் கையில். பயந்தவரும் அவரே, பார்த்தவரும் அவரே. நாம் வாங்கி மாட்டும்போது பயம் ஊரில் இருப்பவர்களுக்கு, படம் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நமக்கு. கண்காணிப்பாக மாற அதிக நேரம் ஆகாது. "நேத்து ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பா எங்க போனார்?" என்று ஒரு தடவை போனில் கேட்டால் போதும்.

அதனால் எங்கள் வீட்டில் ஏற்பாடு இப்படி. முதல் கணக்கு அம்மா போனில், அவர் பெயரில். காமிரா தெருவைப் பார்க்கிறது, அவர்கள் மாலையில் உட்காரும் இடம் படத்தில் விழாது. மணி அடித்தால் முதலில் அம்மா பேசுவார். அவர் எடுக்காவிட்டால்தான் நான். போன மாதம் கூரியர் தம்பியிடம் நான் இங்கிருந்து "யாருங்க?" என்று கேட்க, அதற்குள் அம்மா கேட்டுக்கே போய்ப் பார்சலை வாங்கிவிட்டார். "அவன் போயி பத்து நிமிஷம் ஆச்சுடா, நீ யாருகிட்ட பேசறே?" என்று என்னிடமே கேட்டார் மணி வழியாக.

உங்கள் வீட்டில் எப்படி ஏற்பாடு? போன் யார் கையில்? எழுதுங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.

பி.கு.: வெயில் மணியைத்தான் காப்பாற்றும். கரண்ட் போனால் வீட்டுக்குள் இருக்கும் வைஃபை ரூட்டர் அணைந்துவிடும், மணி விழித்திருந்தும் செய்தி வராது. ரூட்டருக்கு என்றே சின்ன யூ.பி.எஸ். கிடைக்கிறது. மணி வாங்கும்போதே அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.