எச்.எம்.டி. கைக்கடிகாரச் சீரமைப்பு

எச்.எம்.டி. நிறுவனத்தின் பழைய, சாவி கொடுக்கும் கைக்கடிகாரங்களைக் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் ஓடச் செய்யும் பொழுதுபோக்கு.

பின்னணி: ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்துடன் 1961இல் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தயாரிப்பு தொடங்கியது. கடிகாரப் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது. ‘ஜனதா’, ‘பைலட்’ மாடல்கள் சேகரிப்பாளர்களிடையே புகழ்பெற்றவை. 17 கற்கள் கொண்ட ஜனதாவின் அமைப்பு எளிது என்பதால் புதிதாகப் பழகுபவர்களுக்கும் ஏற்றது.

செய்முறை: முதலில் மெயின் ஸ்பிரிங்கின் முறுக்கைத் தளர்த்த வேண்டும்; தளர்த்தாமல், சக்கரங்களைத் தாங்கும் பாலத்தைக் கழற்றினால் சக்கரங்கள் விசையோடு சுழன்று பல் உடையும். முள், டயல், பேலன்ஸ் வீல், சக்கரங்கள் என ஒவ்வொன்றாகப் பிரித்து, உறைந்துபோன பழைய எண்ணெயைக் கரைப்பானில் கழுவுவர். பிறகு கற்குழிகளில் ஊசிமுனையளவு எண்ணெய் இடுவர். அளவு மீறினால் அது வழிந்து ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்களை ஒட்டவைக்கும். அதனால் ஸ்பிரிங்கின் செயல்படும் நீளம் குறைந்து, கடிகாரம் வேகமாக ஓடும்.

சோதனை: டைம்கிராஃபர் கருவி துடிப்பொலியைக் கேட்டு, நாளொன்றுக்கு எத்தனை நொடி முந்துகிறது, பிந்துகிறது என்று காட்டும். ஜனதாவின் துடிப்பு மணிக்கு 18,000; அதாவது நொடிக்கு 5.

அசல்தன்மை: சந்தையில் மறுவண்ணம் பூசிய டயல்கள் மலிந்துள்ளன. மங்கினாலும் அசல் டயலுக்கே சேகரிப்பாளர்களிடம் மதிப்பு அதிகம். எனவே டயலைத் தேய்த்துத் துடைப்பதைத் தவிர்ப்பர்.