டிராக்டர் டிரெய்லர்: சாலைப் பாதுகாப்பு

தமிழ்நாட்டில் நெல் மூட்டை கொள்முதல் நிலையத்துக்கும், கரும்பு ஆலைக்கும், செங்கல் சூளையிலிருந்து கட்டட வேலை நடக்கும் இடத்துக்கும் பல நேரங்களில் டிராக்டரில் கோத்த டிரெய்லரில்தான் போகின்றன. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் வரையறைப்படி, டிராக்டர் தன்மேல் சுமை ஏற்றுவதற்கென அமைக்கப்பட்ட வண்டி அன்று. பின்னால் வரும் சுமை டிராக்டரைவிடப் பல நேரங்களில் கனமானது. விபத்துகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

முதலில் பிரேக். வழக்கமான உழவு டிராக்டரில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே உண்டு; இடதுக்கும் வலதுக்கும் தனித்தனிப் பெடல்கள். வயலில் சட்டென்று மடக்கித் திரும்ப இந்த அமைப்பு உதவும். சாலையில் அதுவே எமன். இரண்டு பெடல்களையும் சேர்க்கும் கொண்டியைப் போடாமல் வேகத்தில் ஒன்றை மட்டும் அழுத்தினால் வண்டி ஒரு பக்கமாகச் சுழன்று கவிழும். வயலைவிட்டுத் தார்ச்சாலையில் ஏறுமுன் கொண்டியைப் பார்ப்பது டிரைவரின் முதல் கடமை.

பல டிரெய்லர்களில் பிரேக்கே இல்லை. நிறுத்தும்போது சுமை டிராக்டரை முன்னுக்குத் தள்ளும். வளைவில் அப்படித் தள்ளினால் இரண்டும் மடக்குக்கத்திபோல் மடிந்துகொள்ளும். வேகம் இருமடங்கானால் பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். இறக்கத்துக்கு முன்பே கீழ் கியருக்கு மாறிவிட வேண்டும். டீசலை மிச்சம்பிடிக்க நியூட்ரலில் இறங்குவது உயிரைப் பணயம் வைப்பதே.

இரு சக்கர டிரெய்லரில் சுமையை வைக்கும் இடமும் முக்கியம். பாரம் முழுவதும் முன்பக்கம் குவிந்தால் டிராக்டரோடு இணைக்கும் கொக்கி அழுந்தி, டிராக்டரின் முன்சக்கரங்கள் லேசாகி, ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. பின்பக்கம் குவிந்தால் கொக்கி மேலே தூக்கி, டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிமானம் இழக்கும். கொக்கி டிராக்டரின் பின் அச்சைவிடத் தாழ்வாக இருப்பதும் கட்டாயம். உயரத்தில் கட்டி இழுத்தால் மேட்டில் முன்பக்கம் எழும்பி, டிராக்டர் மல்லாந்துவிடும். டிரைவர் கிளட்சை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். நான்கு சக்கர டிரெய்லரில் கொக்கிமீது பாரம் குறைவு, ஆனால் இரண்டு இடங்களில் திரும்புவதால் பின்னோக்கி எடுப்பது மிகக் கடினம்.

திருப்பத்தில் டிரெய்லர் சக்கரங்கள் டிராக்டரின் தடத்தைவிட உட்புறமாக வரும். அங்கே ஒதுங்கி நிற்கும் சைக்கிள்காரரை நினைத்து அகலமாக வளைக்க வேண்டும்.

இரவில் நடக்கும் விபத்துகளே மிகக் கொடியவை. வெளியே துருத்தும் கரும்பு, பின்விளக்கையும் ஒளிரும் ஸ்டிக்கரையும் மறைத்துவிடுகிறது. பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்குச் சாலை காலியாகத் தெரியும். சுமை துருத்தும் முனையிலேயே சிவப்பு விளக்கைக் கட்டுவதுதான் சரி. பஞ்சரானால் வண்டியைச் சாலையைவிட்டு இறக்க வேண்டும். சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கல்லை அகற்றாமல் கிளம்பக் கூடாது. அந்தக் கல்லும் அடுத்து வருபவரை வீழ்த்தும்.

டிராக்டரில் டிரைவருக்கு மட்டுமே இருக்கை உண்டு. மட்கார்டில் உட்காருபவர் தவறினால் பெரிய சக்கரத்துக்கு அடியில்தான் விழுவார். நடவுக்கும் அறுவடைக்கும் ஆட்களை அழைத்துச் செல்லும் நில உரிமையாளர்கள் டிரெய்லரில் ஏற்றாமல் தனி வண்டி அமர்த்த வேண்டும்.