வல்லினம் வராத வாய்

“என்னையும் அம்மான்னுதானுங்க கூப்பிடுது, டீச்சர்” என்றார் நாமக்கல் பக்கத்து லாரி டிரைவர். மடியில் நான்கு வயது மகள். மேலுதட்டில் நூலிழை மாதிரி ஒரு தழும்பு. உதட்டைக் கைக்குழந்தையிலேயே தைத்தாயிற்று. ‘கிரகணத்தன்னைக்கு நீ காய் நறுக்கினதாலதான்’ என்று மருமகளைக் குத்திக்கொண்டிருந்த பாட்டியும் அதோடு ஓய்ந்துவிட்டார். உள்ளே அண்ணம் பிளந்தே இருந்தது. பேச்சு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

அவள் மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடியைப் பிடித்து ‘அப்பா’ சொல்லச் சொன்னேன். ‘அம்மா’ என்றாள். கண்ணாடி புகை படிந்த மாதிரி மங்கியது.

பேச்சுப் பயிற்சியாளராக முப்பது வருஷம் இருந்த எனக்கு இன எழுத்துகள் புரிந்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, இந்தக் கண்ணாடியில்தான். ப-வுக்கும் ம-வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடுகிறது. மெல்லண்ணம் எழும்பி மூக்குவழியை அடைத்தால் ப, அடைக்காவிட்டால் ம. மெல்லெழுத்துக்கு மூக்கின் காற்று வேண்டும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியலே சொல்கிறது. அண்ணம் பிளந்த குழந்தைக்கு அடைக்கக் கதவே இல்லாததால் தாத்தா ‘நாந்நா’ ஆகிவிடுவார். க வராத சில குழந்தைகள் தொண்டைக்குள்ளேயே ஒரு வெட்டு வெட்டிச் சமாளிக்கும். அந்தப் பழக்கம் ஊறிவிட்டால் எடுப்பது பெரும்பாடு.

உதட்டைத் தைப்பது மிகப் பழைய வித்தை. மூக்கை ஒட்டவைக்கும் அதே முறையில், மூக்கில் வைக்கும் குழாய் மட்டும் இல்லாமல், உதட்டையும் சேர்க்கலாம் என்கிறது சுசுருத சம்ஹிதை. அண்ணம் அப்படியல்ல. இருட்டு, ஆழம், எச்சில். தொட்டால் குமட்டும். அதைத் துணிந்து தைத்தவர்களில் முன்னோடி பெர்லினில் இருந்த கிராஃபே, வருஷம் 1816. மூன்று வருஷம் கழித்துப் பாரிஸில் ரூ என்ற அறுவை மருத்துவர் ஒரு மாணவனின் மூக்கால் பேசும் பேச்சைக் கேட்டு, அவன் அண்ணத்தைப் பார்த்தார், தைத்தார். அந்த மாணவன் ஜான் ஸ்டீபன்சன், கனடாக்காரர், படித்ததும் மருத்துவம்தான். மயக்க மருந்து வர இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. விழித்த நிலையில் வாயைத் திறந்துவைத்தபடி உட்கார்ந்து தைத்துக்கொண்டவர், அடுத்த வருஷம் எடின்பரோவில் அதையே தன் பட்ட ஆய்வேடாக லத்தீனில் எழுதினார். ஊர் திரும்பி, பின்னாளில் மெக்கில் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவாக மாறிய மான்ட்ரியல் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார்.

ஸ்டீபன்சன் கதையை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்றைக்கு அண்ணம் தைக்க வலி பொறுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஒரு வயதுக் குழந்தையிடம் அதை எதிர்பார்க்க முடியுமா? மயக்க மருந்து வந்தபிறகுதான் கத்தி குழந்தைகளை நெருங்கியது. 1861-ல் லாங்கன்பெக் என்ற அறுவை மருத்துவர், எலும்பை ஒட்டிய சவ்வோடு சேர்த்துச் சதையை உரித்து நடுவில் கொண்டுவந்து மூடும் முறையைச் சொன்னார். பிளவு நன்றாக மூடியது. சிக்கல் பல வருஷம் கழித்துத் தெரிந்தது. வளர்கிற மேல்தாடையைத் தழும்பு இறுக்க, முகத்தின் நடுப்பகுதி உள்வாங்கி, கீழ்ப்பல் மேல்பல்லுக்கு முன்னால் வந்து நின்றது.

அப்படியானால் முகம் வளரட்டும், பிறகு மூடலாமே? ஜெர்மனியின் மார்பர்க்கில் 1944 முதல் ஷ்வெக்கெண்டீக் என்ற மருத்துவர் அப்படித்தான் செய்தார்: மெல்லண்ணத்தை மழலையில், வல்லண்ணத்தைப் பன்னிரண்டு வயதுக்கு மேல். அந்தப் பிள்ளைகளைப் பரிசோதித்த ஆய்வு 1984-ல் வந்தது. தாடை அருமை, பேச்சு மோசம்.

அதே காலத்தில் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையின் பல்சீரமைப்பு மருத்துவர் மைக்கேல் மார்ஸ், ஒரு குழுவோடு இலங்கையின் காலி நகருக்குப் போனார். அங்கே கத்தியே படாமல் வளர்ந்த பெரியவர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பாரிஸ் சாந்தில் பல்லச்சு எடுத்து அளந்தார். மேல்தாடை ஏறக்குறைய இயல்பாகவே வளர்ந்திருந்தது. வளர்ச்சியைக் கெடுத்தது பிளவு அல்ல, அதைச் சரிசெய்யப் போன கத்திதான். இதை ஒப்புக்கொள்ள ஓர் அறுவை மருத்துவருக்கு எவ்வளவு கசந்திருக்கும்! ஆனால் மார்ஸ் குழுவில் பேச்சைப் பார்த்த டெபி செல், காலம் கடந்து அண்ணம் மூடிக்கொண்ட இளவயதினரின் பேச்சு பெரிதாகத் தேறவில்லை என்று கண்டார்.

அதற்கு நானே சாட்சி. இருபத்து மூன்று வயதுத் தையல்காரர் ஒருவர், கல்யாணம் நிச்சயமானபிறகு அண்ணத்தை மூடிக்கொண்டு வந்தார். தண்ணீர் மூக்கில் வருவது நின்றது. குரல் பழைய குரல்தான். ஆபரேஷனோடு பேச்சு வந்துவிடும் என்று நம்பிய அவர் அம்மா என்னையே குற்றவாளி மாதிரி பார்த்தார்.

முகமா, பேச்சா என்றால் நான் பேச்சுப் பக்கம். வாயை வைத்துப் பிழைத்தவள் வேறென்ன சொல்வேன்? இப்போது எனக்குத் துணையாகக் கணக்கும் இருக்கிறது. உதடு பிளக்காமல் அண்ணம் மட்டும் பிளந்த 558 குழந்தைகளை ஐரோப்பாவிலும் தென்னமெரிக்காவிலும் பின்தொடர்ந்த ஆய்வு 2023-ல் வெளிவந்தது. ஆறு மாதத்தில் தைத்தவர்களில் ஐந்து வயதில் மூக்குவழி சரியாக மூடாதவர்கள் 8.9 சதவீதம்; பன்னிரண்டு மாதத்தில் தைத்தவர்களில் 15 சதவீதம்.

ஆறு மாதத்துக்குள் அந்த உடம்பைத் தேற்றவேண்டுமே, அதுதான் கஷ்டம். உதட்டுக்கே 1966-லிருந்து ஒரு ‘பத்து’ விதி உண்டு: பத்து வாரம், பத்து பவுண்டு எடை, பத்து கிராம் ஹீமோகுளோபின். அண்ணம் பிளந்த பிள்ளையால் உறிஞ்ச முடியாது. காற்று மூக்கால் போய்விடும். எங்கள் வார்டில் பாட்டில்களைவிட உதவியது பாலாடைக் கிண்ணம்தான். பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தோரம் கிண்ணத்தின் மூக்கைச் சாய்த்து, ஒரு மடக்கு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு மடக்கு. நடுநடுவே முதுகைத் தட்டவேண்டும். கிரகணத்தைக் குற்றம் சொன்ன பாட்டிகளே இதில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள்.

டிரைவர் மகளுக்கு அந்த வருஷமே அண்ணத்தை மூடினார்கள். ஏழெட்டு மாதம் பயிற்சி. பஞ்சை ஊதினாள், ‘பப்பு’ என்றாள், ஒருநாள் கண்ணாடி மங்காமல் ‘அப்பா’ என்றாள். அடுத்த வாரம் அவர் வந்து சொன்னார்: “இங்க சரியாச் சொல்லுதுங்க, டீச்சர். வூட்டு வாசல்ல லாரி ஹாரன் கேட்டா மட்டும் ‘அம்மா’ன்னுதான் ஓடியாருது.”