ஊர்ப்பொது: கந்தளாய் தரும் பாடம்

பல குடும்பங்கள் தத்தம் வீட்டில் தனித்தனியே வாழ்ந்தவாறே, சமையற்கூடம், உண்ணுமிடம், தோட்டம் முதலியவற்றைப் பொதுவில் வைத்துப் பேணும் குடியிருப்பு முறை டென்மார்க்கு நாட்டில் உருப்பெற்றது. 1972ஆம் ஆண்டில் நிறைவெய்திய சேத்தடாமன் என்னும் குடியிருப்பில் 27 வீடுகளும், அவை அனைத்துக்கும் உரிய பொது இல்லம் ஒன்றும் அமைந்தன. பொது இடம் எங்கே இருத்தல் வேண்டும், அதனைப் பேணும் பொறுப்பு யாரைச் சாரும் என்பன, இவ்வாறு கூடி வாழ விரும்புவோர் முதலில் விடைகாண வேண்டிய வினாக்களாகும். ஈழநாட்டுக்கு இவ்வினாக்கள் புதியன அல்ல. திருகோணமலையிலிருந்து ஹபரணைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள கந்தளாய், அவற்றுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே விடைகண்ட ஊராகும்.

கந்தளாயின் பொதுச் சொத்துக்களுள் தலையாயது அதன் பெருங்குளம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி மன்னன் அதனை அமைத்தான் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். கோணேசர் கல்வெட்டு என்னும் நூலோ அப்பணியைக் குளக்கோட்டனுக்கு உரியதாக்கிக் கோணேசர் கோயிலோடு இணைத்துப் பேசுகின்றது. கட்டியவன் யாராயினும், நீர் ஒருவருக்கே உரியதன்று. மேல்மடையில் ஒருவன் வாய்க்காலை அடைத்தால் கீழ்வயலில் மற்றொருவன் பயிர் வாடும். ஆகவே குளத்தின் கீழ் வாழ்வோர் கூடிப் பேசியே தீர வேண்டியவராயினர்.

பதினோராம் நூற்றாண்டில், சோழர் ஆட்சியின்போது, கந்தளாய் இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்னும் பெயருடன் பிரமதேயமாக விளங்கிற்று. அவ்வூரின் மகாசபையாராகிய பெருங்குறிப் பெருமக்களைக் கந்தளாயிற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டொன்று குறிப்பிடுகின்றது. சோழராட்சி அகன்ற பின்னரும் ஊரின் அமைப்பு அழியவில்லை. முதலாம் விஜயபாகுவின் காலத்தில் அது விஜயராசச் சதுர்வேதிமங்கலம் ஆயிற்று. ஆள்வோர் மாறினர், பெயர் மாறிற்று, ஊர்ச்சபை நிலைத்தது.

இத்தகைய சபை பொதுவுடைமையைக் காத்த முறையைத் தொண்டை நாட்டு உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் விளக்குகின்றன. அதுவும் ஒரு சதுர்வேதிமங்கலமே. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், ஆங்கு விதிகள் வகுக்கப்பட்டன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடவோலை வழியே சம்வற்சர வாரியத்துக்கு 12 பேரும், தோட்ட வாரியத்துக்கு 12 பேரும், ஏரி வாரியத்துக்கு 6 பேரும் தெரியப்பட்டனர். வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தெரிவுபெறத் தகுதியிழந்தனர். குளமும் தோட்டமும் ஊருக்குப் பொதுவாயினும், அவற்றைப் பேணுவது இன்னார் கடமை, இத்துணைக் காலத்துக்கு, இந்த நிபந்தனைக்கு உட்பட்டு என்பது தெளிவாக வரையறுக்கப்பட்டிருந்தது.

இம்முறையின் குறையையும் மறைத்தல் ஆகாது. நிலமும் மனையும் கல்வியும் உடைய ஆடவரே வாரியத்தில் அமரலாம். பெண்டிருக்கும் நிலமற்ற உழைப்பாளருக்கும் அங்கு இடமில்லை. ஆயினும் விஜயபாகு காலத்துப் பாலமோட்டைக் கல்வெட்டு, கந்தளாயில் இருந்த தென்கைலாசமாகிய விஜயராச ஈசுவரத்துக்கு நங்கைசானி என்னும் பிராமணக் கைம்பெண் அறக்கொடை வழங்கியதைப் பதிவுசெய்கின்றது. அவ்வறத்தைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையினரிடம் ஒப்புவிக்கப்பட்டது. சபையில் அமர இயலாத ஒரு பெண், ஊரின் பொது இடமாகிய கோயிலில் தன் பெயரை நிலைநிறுத்தினாள்.

1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்கமல்லனுடைய கந்தளாய்க் கல்லாசனச் சாசனம் இவ்வூரைச் சதுர்வேத பிரமபுரம் என்கின்றது. அங்கு அவன் அமைத்த பார்வதி சத்திரத்தையும் கூறுகின்றது. சத்திரமோ ஊராருக்கு அப்பாற்பட்டோர்க்கும் உரியது. இவ்வாறு குளம், கோயில், சபை, சத்திரம் என்னும் நான்கும் சேர்ந்து கந்தளாயின் பொதுவாழ்வை உருவாக்கின.

பொதுச் சொத்தைக் காக்கும் விழிப்புத் தளர்ந்தால் விளைவது யாது? 1986ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆம் நாள் விடியுமுன், ஊர் உறங்கிய வேளையில், கந்தளாய்க் குள அணை உடைந்தது. 120க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீடுகளும் வயல்களும் அழிந்தன. அணைமீது பாரவண்டிகள் இடையறாது சென்றமை அதற்கான காரணங்களுள் ஒன்றாகக் கூறப்படுகின்றது. அணை பின்னர் மீளக் கட்டப்பட்டது; மாண்டோர் மீளவில்லை.

பொது இடத்தை வரைபடத்திற் குறிப்பது எளிது. அதன் கரையைப் பார்த்துவரும் கண் யாருடையது, கணக்குக் கேட்கும் வாய் யாருடையது என்பதை உறுதிசெய்வதே அரிது. கூடி வாழத் திட்டமிடுவோர் அவ்வரிய பணியையே முதலிற் செய்தல் வேண்டும் என்பதைக் கந்தளாய்க் குளக்கரை உணர்த்துகின்றது.