துலாவும் இயந்திரமும்: யாழ்ப்பாணக் கிணற்று நீர் பற்றிய சில வரலாற்றுக் குறிப்புகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகளைப் பற்றி எழுதப் புகுவோர் பலர், துலாவால் இறைத்த காலத்தை இயற்கையோடு இயைந்த பொற்காலமாகவும், நீரிறைக்கும் இயந்திரம் புகுந்த காலத்தை அழிவின் தொடக்கமாகவும் காட்டுவர். இயந்திரம் வந்தபின் கிணறுகள் பல உவர்ப்பேறின என்பது உண்மையே. ஆயின் துலாக்காலத்தின் அளவான இறைப்பு எவருடைய உடலால் அளக்கப்பட்டது என்ற வினா இவ்வெழுத்துகளிலே எழுவதில்லை. அவ்வினாவிலிருந்தே நாம் தொடங்குகிறோம்.

குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவுமில்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையில் பெய்யும் மழையே சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளூடாக இறங்கி, அடியிலுள்ள கடலுவர் நீரின்மேல் வில்லை வடிவில் மிதந்து நிற்கிறது. இந்நிலையை விளக்கும் விதியைக் கிபென் 1889 இலும் ஹெர்ஸ்பேர்க் 1901 இலும் ஐரோப்பியக் கரையோரங்களை ஆராய்ந்து தனித்தனியே கண்டனர். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும். மறுதலையாக, நீர்மட்டம் ஓரடி தாழ்ந்து அவ்வாறே நிலைத்துவிடின் உவர்நீர் 40 அடி மேலெழும். புத்தூர் நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீர், ஆழத்து நீர் உப்பு என 1859 இல் வெளிவந்த தமது நூலிலே எமேர்சன் டெனன்ற் எழுதியிருந்தார். இராமனின் அம்பு பிளந்த இடம் அது என்ற ஐதிகத்தோடு ஊரார் விட்டுவிட்ட ஆழம் அது.

இனித் துலாவை நோக்குவோம். ஒருவரோ இருவரோ துலாவின்மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பர். ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்றுவார். இன்னொருவர் வாய்க்காலை மறித்துப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டுவார். ஊற்று மீண்டும் ஊறுவதற்குக் கிணற்றுக்கு நேரம் கிடைத்தது. இந்த நிதானத்தைச் சூழல் ஞானம் எனப் போற்றுவது எளிது. அது உண்மையில் மனித உழைப்பின் எல்லையே. சிறு தோட்டக்காரர் குடும்பத்தோடு தாமே இறைத்தனர். நிலம் மிகுந்தோருக்கு இறைத்தவர்களுட் பலர் பஞ்சமர் என ஒதுக்கப்பட்டோர். 1844 இலே அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும் நிலமற்ற அவர்களின் நிலை பெரிதும் மாறவில்லை. பிறர் புகையிலைக்கு நீர் பாய்ச்சியவர்கள், தம் குடிநீருக்குக் குடத்தை வைத்துவிட்டு, உயர்சாதியார் எவரேனும் அள்ளி ஊற்றும்வரை கிணற்றடிக்கு அப்பால் நிற்கவேண்டியிருந்தது. கே. டானியல் தம் நாவலொன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயரிட்டமை தற்செயலன்று.

ஆகவே, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் பரவிய மண்ணெண்ணெய் இயந்திரம் துலா மிதித்த கால்களுக்கு விடுதலையாகவே வந்தது. அதற்காக நாம் வருந்தவேண்டியதில்லை. ஆனால் உழைப்பின் எல்லை நீங்கிய இடத்திலே வேறொரு சமூக எல்லை வைக்கப்படவில்லை. 1970 தொடக்கம் 1977 வரை மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது தோட்டச் செய்கை நல்ல இலாபம் தந்தது. இயந்திரங்கள் ஓய்வின்றி ஓடின. இயந்திரம் விரைந்து இறைக்கையில் கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் கூம்புபோல் இறங்க, அடியிலிருந்து உவர்நீர் எதிர்க்கூம்பாக எழுகிறது. வேலி நிலத்துக்கு உண்டு, நன்னீர் வில்லைக்கு இல்லை. ஒருவர் இறைப்பால் ஏறிய உப்பு அயலவர் கிணற்றிலும் தோன்றலாம். 1977 இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டு விலைகள் சரிந்தபோதும் இறைப்பு நின்றுவிடவில்லை.

இதில் ஆவியாதலின் பங்கு போதிய கவனம் பெறவில்லை. பாத்தியில் விட்ட நீரில் ஒரு பகுதியைப் பயிர் உறிஞ்சும். ஒரு பகுதியை வெயில் கொண்டுபோகும். வெயில் நீரைத்தான் எடுக்கும், உப்பை எடுப்பதில்லை. எஞ்சி நிலத்தினுள் இறங்கும் நீர், செறிந்த உப்போடு யூரியாவின் நைதரசனையும் கொண்டு அதே வில்லைக்குத் திரும்புகிறது. மறுநாள் அதுவே மீண்டும் இறைக்கப்படுகிறது. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியமை ஆய்வுகளிற் பதிவாகியுள்ளது. விற்பனைக்கு வரும் நீரை வாங்க வசதியுள்ளோர் வாங்குவர். ஏனையோர் கிணற்றையே குடிப்பர்.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் பார்த்தவர்கள் ‘கிணற்றிற் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும்’ என்ற பாங்கிலான வாசகங்களை அறிவர். பங்குக் கிணற்றிலே எவருக்கு எந்நாள் இறைப்பு என்பது முறைவைத்துக் காக்கப்பட்டது. நீரைப் பகிர்ந்துகொள்ளும் மரபு எம்மிடம் இல்லாமலில்லை. ஆனால் அது பங்குடையோருக்குள் மட்டுமே நின்ற மரபு. கிணற்றைப் பிரித்தெழுதிய உறுதி, அதன் அடியிலுள்ள பொது நீரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. குடத்தோடு காத்து நின்றவர்களின் பெயர் அதில் எவ்விடத்தும் இல்லை. இறைப்பைக் கட்டுப்படுத்த எழும் ஆலோசனைகள் கிணற்று உடைமையாளரை மட்டுமே நீரின் உரித்தாளராகக் கொள்ளுமாயின், அப்பழைய உறுதியே மறுபடி எழுதப்படும்.