பிரின்சஸ் லூயிஸின் தடுப்புகள்

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது, தச்சுவேலை தெரியும். லண்டன் ஹை ஹோல்பர்ன் தெருவில் இருக்கும் பிரின்சஸ் லூயிஸ் பப்புக்குப் போனால், ஓர் ஆரஞ்சு ஜூஸை வாங்கி வைத்துக்கொண்டு மரத்தடுப்புகளின் மூட்டுகளைத் தடவிக்கொண்டிருப்பேன்.

கட்டடம் 1872இல் எழுந்தது. பெயர் விக்டோரியா மகாராணியின் மகளுடையது. உள்ளே கண்ணைப் பறிக்கும் அலங்காரமெல்லாம் 1891இல் ஆர்தர் சிட்டி என்ற கட்டடக் கலைஞர் மாற்றியமைத்தபோது வந்தது. இருபது வருஷம்கூட ஆகாத கடையை ஏன் இப்படி இழைக்க வேண்டும்? காசுதான். மது விற்பனை லைசென்ஸ் பற்றிய 1869 சட்டத்துக்குப் பிறகு புது லைசென்ஸ் கிடைப்பது கடினமானது; இருக்கிற லைசென்ஸின் மதிப்பு ஏறியது. பீர் ஆலைகள் கடன் கொடுத்தன, கடைக்காரர்கள் அதைக் கண்ணாடியிலும் சுவர் ஓட்டிலும் கொட்டினார்கள். 1899இல் பப்களை வாங்கி விற்கும் சந்தை சரிந்தபோது பலர் திவாலானார்கள்.

நடுவில் குதிரை லாட வடிவில் நீண்ட கவுன்ட்டர். அதைச் சுற்றி மரமும் கண்ணாடியுமாகத் தடுத்த சின்னச் சின்ன அறைகள். கூலியாட்களுக்கு பப்ளிக் பார், வசதியுள்ளவர்களுக்கு சலூன் பார், ஒதுங்கி இருக்க விரும்பியவர்களுக்கு பிரைவேட் பார் என்று அக்காலப் பப்கள் ஆளைப் பிரித்தே உட்காரவைத்தன. அதே பீர்தான், சலூனில் விலை கூடுதல். எல்லோரையும் சேர்த்துப் பார்க்க முடிந்தது நடுவில் நின்று ஊற்றிக் கொடுத்தவருக்கு மட்டும்.

தடுப்பின் மேல்பாதி கண்ணாடி. அமிலத்தால் அரித்தும் சக்கரத்தில் வெட்டியும் பூவேலை செய்திருப்பார்கள். வெளிச்சம் வரும், முகம் தெரியாது. 1845இல் கண்ணாடி வரி ஒழிந்ததால்தான் இவ்வளவு தாராளம். பக்கத்தில் லாம்ப்ஸ் காண்டுயிட் தெருவின் லாம்ப் பப்பில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள்: கவுன்ட்டர் மேலேயே, முகத்துக்கு நேராகச் சுழலும் சிறு கண்ணாடிப் பலகைகள். சாத்திவிட்டால் ஊற்றுபவருக்கே குடிப்பவர் யாரென்று தெரியாது. ஸ்நாப் ஸ்கிரீன், அதாவது மேட்டிமைக்காரர் திரை என்பார்கள். பெயரிலேயே கேலி இருக்கிறது.

லைசென்ஸ் வழங்கிய மாஜிஸ்திரேட்டுகளுக்கு இந்த மறைவிடங்கள் பிடிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் பல பப்களில் தடுப்புகளைப் பெயர்த்தார்கள். பிரின்சஸ் லூயிஸிலும் போயின. இப்போது இருப்பவை, உரிமையாளரான சாமுவேல் ஸ்மித் ஆலை 2008 வாக்கில் பழைய அமைப்பிலேயே செய்து நிறுத்தியவை. போலி என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்வதில்லை. தடுப்பில்லாவிட்டால் அது பளபளக்கும் ஒரு கூடம், அவ்வளவுதான். ஒரே கவுன்ட்டருக்கு ஏன் இத்தனை அறை என்று எவருக்கும் கேட்கத் தோன்றாது.

அசல்தான் வேண்டும் என்பவர்கள் ஆண்கள் கழிப்பறைக்குப் போகலாம். ஜே. டைலர் அண்ட் சன்ஸ் செய்த பளிங்குச் சிறுநீர்த் தொட்டிகள் இன்னும் கம்பீரமாக நிற்கின்றன. இவ்வளவு தடுப்புகளைத் தாண்டியும் என் மனைவி பார்க்க முடியாத இடம் அது ஒன்றுதான்.